அன்னமேரி ஷிம்மல்: நேசித்து எழுதினால் ஆராய்ச்சி ஆகாதா?

தறிநூல்:

ரூமி, மன்சூர் ஹல்லாஜ், குணங்குடியார், தக்கலை பீர்முகம்மது அப்பா என்று சூஃபிகளான இஸ்லாமிய ஞானிகளைப் பற்றி நம் இணைய மன்றத்தில் விவாத இழைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் நாம் எடுத்துக்காட்டும் செய்திகளில் பெரும்பகுதி ஒரே பெண்மணியின் நூல்களிலிருந்து வந்தவை. ஆனால் அவருக்கென்று இதுவரை ஓர் இழை இல்லை. அந்தக் குறை என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்மணி, ஆய்வாளர் அன்னமேரி ஷிம்மல், 1922 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை தபால் துறை ஊழியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஏழு வயதில் பழைய கதைப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு கதை: இந்தியாவிலிருந்து வந்த பத்மநாபர் என்னும் ஞானி, டமாஸ்கஸ் நகரத்துச் சிறுவன் ஹசனைப் பூமிக்கடியில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே பெருமன்னன் ஒருவனின் சவப்பெட்டி. அதன்மேல் ஒரு வாசகம்: 'மனிதர்கள் உறங்குகிறார்கள்; இறக்கும்போது விழித்துக்கொள்கிறார்கள்.' அந்த வரியைப் படித்தபோதே தன் வழி எதுவென்று தெரிந்துவிட்டதாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். சூஃபிகள் நபிமொழியாகப் போற்றி வந்த வாசகம் அது என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பதினைந்து வயதில் அரபு படிக்கத் தொடங்கினார். பத்தொன்பது வயதில், 1941இல், பெர்லின் பல்கலைக்கழகத்தில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்து எகிப்தைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

இனி என் கேள்வி. சூஃபியத்தைப் பற்றி அவர் எழுதி 1975இல் வெளிவந்த 'மிஸ்டிகல் டைமன்ஷன்ஸ் ஆஃப் இஸ்லாம்' நூலை ஒரு நண்பருக்குப் படிக்கக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது அவர் சொன்னது: 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஆராய்ச்சி இல்லை, பக்தி.' எனக்குச் சுருக்கென்றது. நேசித்து எழுதினால் ஆராய்ச்சியின் தரம் குறைந்துவிடுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரை:

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, தறிநூல். நான் ஷிம்மலை நாற்பது ஆண்டுகளாகப் படிக்கிறேன். அவரிடம் கற்றது கொஞ்சமல்ல. அதனால்தான் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் எழுத்தில் சூஃபி உலகம் ரோஜாவும் புல்புல்லும் விளக்கும் விட்டிலுமாக ஒளிர்கிறது. ஆனால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தர்காக்களைச் சுற்றி நிலவுடைமை இருக்கிறது. பீர்கள் எனப்படும் பரம்பரை சூஃபி குருமார்களின் பிடியில் குடியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் வாக்கும் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. பாட்டைக் கேட்டவர், பாடியவனின் வயிற்றைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. பாகிஸ்தான் அரசு 1965இலும் 1983இலும் அவருக்கு உயர் விருதுகள் கொடுத்தது. 1983 என்றால் ராணுவ ஆட்சிக் காலம். லாகூரில் கால்வாயின் ஒரு கரைச் சாலைக்கு ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் பெயர், மறுகரைச் சாலைக்கு இவர் பெயர். உயிரோடு இருக்கும்போதே ஒரு நாடு தன் சாலைக்குப் பெயர் சூட்டினால், அந்த நாட்டைப் பற்றிக் கடுமையாக ஒரு சொல் எழுத மனம் வருமா?

1995 விவகாரமும் இருக்கிறது. அதை யாராவது பக்கச்சார்பில்லாமல் எழுதினால் நல்லது.

ஏடுகாப்பான்:

1995ஐப் பற்றி நான் எழுதுகிறேன், ஐயா. அதற்கு முன் அவர் வந்த பாதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதுவும் விளங்காது.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு போர் முடியும்வரை பெர்லினில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நாஜி அரசின் அமைச்சகம் அது. இதை மறைக்கவும் வேண்டாம், இதை மட்டுமே வைத்து அவரை அளக்கவும் வேண்டாம். 1945இல் போரின் கடைசி நாட்களில் தந்தை இறந்தார். அமைச்சக ஊழியர்களோடு சேர்த்து இவரையும் அமெரிக்கப் படை மார்பர்க்கில் சில மாதங்கள் காவலில் வைத்தது. அதே மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 1946இல் பாடம் சொல்லத் தொடங்கியபோது வயது 23. 1951இல் சமய வரலாற்றில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். இவ்வளவு இருந்தும், நீங்கள் ஆணாக இருந்தால் பேராசிரியர் இருக்கை கிடைத்திருக்கும் என்று ஒரு சக பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னாராம்.

ஜெர்மனி தராத இருக்கையைத் துருக்கி தந்தது. 1954இல் அங்காரா பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய இறையியல் துறையில் சமய வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்தார். கிறிஸ்தவப் பெண், வயது 32, மாணவர்கள் முஸ்லிம்கள், பாடம் துருக்கி மொழியில். ஐந்தாண்டுகள் அங்கே இருந்தார். 1925இல் தர்வேஷ்கள் எனப்படும் சூஃபித் துறவிகளின் மடங்களைத் துருக்கி அரசு மூடிய பிறகு, 1954 டிசம்பரில் கோன்யாவில் ரூமி நினைவு நாளில் வயது முதிர்ந்த தர்வேஷ்கள் மீண்டும் சுழன்றாடியபோது அந்த அவையில் அவரும் இருந்தார். கவிஞர் இக்பால் பாரசீகத்தில் எழுதிய 'ஜாவீத் நாமா'வை 1957இல் ஜெர்மன் மொழியில் கவிதையாகப் பெயர்த்தார். துருக்கியில் உரைநடையாகப் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். வேறொரு மொழியிலிருந்து தன் தாய்மொழிக்குப் பெயர்ப்பவர்கள் உண்டு. பாரசீகத்திலிருந்து, தனக்குத் தாய்மொழி அல்லாத துருக்கிக்குப் பெயர்த்தவரை 'வெறும் பக்தை' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது 1995. ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதையொட்டிய தொலைக்காட்சிப் பேட்டியில், சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' நாவல் முஸ்லிம்களின் உணர்வைப் புண்படுத்தியதைத் தன்னால் புரிந்துகொள்ள முடிகிறது என்ற பொருளில் பேசினார். எழுத்தாளர்கள், பதிப்பாளர்கள், அறிஞர்கள் பலர் பரிசைத் தரக்கூடாது என்று எதிர்த்தார்கள். அந்த நாவலுக்காக ருஷ்டிக்கு ஈரானின் கோமெய்னி விடுத்த மரண தண்டனை அறிவிப்பைத் தான் ஏற்கவில்லை என்று அவர் விளக்கினார். கடைசியில் ஃபிராங்ஃபர்ட் பால் தேவாலயத்தில் ஜனாதிபதி ரோமன் ஹெர்ட்சோக் பாராட்டுரை நிகழ்த்தப் பரிசு வழங்கப்பட்டது. என் கருத்து: அப்போது உயிருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த ஓர் எழுத்தாளரைப் பற்றிய கேள்வியில் முதலில் வரவேண்டிய வாக்கியம் அவர் வாயில் இரண்டாவதாக வந்தது. அது தவறு. ஆனால் அந்த ஒரு பேட்டியைக் கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களைத் தள்ளிவிட முடியாது.

புதுவாசகி:

ஐயாமாரே, நான் இவரை இன்னும் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

மருதநிலா:

புதுவாசகிக்கு: தறிநூல் சொன்ன 1975 நூலையே எடுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசிக்குப் போங்கள். சூஃபி இலக்கியத்தில் எழுத்துக் குறியீடு பற்றி ஒரு பின்னிணைப்பு, பெண்மை பற்றி ஒரு பின்னிணைப்பு. இரண்டையும் படித்துவிட்டு, இந்திய பாகிஸ்தான் சூஃபியம் பற்றிய அத்தியாயத்துக்கு வாருங்கள். அதன் பிறகு வரலாறு, ஞானப் பாதையின் படிநிலைகள், தரீக்காக்கள் என்னும் சூஃபி மரபுகள் எல்லாம் தானாக உள்ளே இறங்கும்.

வடகரை ஐயா சொன்ன சிந்துவுக்கு நானும் வருகிறேன். ஷிம்மல் எனக்கு ஆசானானது அங்கேதான்.

ஷா அப்துல் லத்தீஃப், 1689 முதல் 1752 வரை வாழ்ந்த சிந்திக் கவிஞர். அவருடைய 'ஷா ஜோ ரிசாலோ' என்னும் கவிதைத் தொகுப்பு நாட்டுப்புறக் காதல் கதைகளை எடுத்துக்கொள்கிறது, ஆனால் கதையைச் சொல்வதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். நெஞ்சு உடையும் இடத்தில் பாட்டு தொடங்குகிறது. சஸ்ஸூயியை எடுத்துக்கொள்ளுங்கள். பம்போர் நகரில் சலவைத் தொழிலாளி வளர்த்த பெண். கேச் நாட்டு இளவரசன் புன்ஹூன் அவளை மணக்கிறான். அவன் சகோதரர்கள் ஒட்டகங்களோடு வந்து, ஓர் இரவு அவனுக்கு மது கொடுத்து மயக்கித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சஸ்ஸூயி விழித்துப் பார்க்கும்போது படுக்கை வெறுமையாக இருக்கிறது. வெறுங்காலோடு பாலைவனத்திலும் மலையிலும் நடக்கிறாள், நடந்தே மடிகிறாள்.

இதைச் சோகக் காதல் கதை என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுவோம். ஷிம்மல் ஒரு சொல்லில் விரலை வைக்கிறார்: உறக்கம். சஸ்ஸூயி செய்த ஒரே பிழை, காதலன் பக்கத்தில் இருந்தபோது உறங்கிப்போனது. சூஃபிகள் 'கஃப்லத்' என்று சொல்லும் மறதிநிலை அதுதான். நடக்க நடக்க அவள் அறிந்துகொள்வது, தேடும் புன்ஹூன் தன்னுள்ளேயே இருக்கிறான் என்பதை. உமர்கோட்டைக்குக் கடத்தப்பட்ட மாருயி பட்டு உடுக்க மறுத்துத் தன் ஊர்க் கம்பளிக்கு ஏங்குகிறாள். அது பிறந்த இடத்துக்கு ஏங்கும் உயிர். சுடாத மண்பானையை நம்பிச் சிந்து நதியில் இறங்கி மூழ்கும் சோஹ்ணியும் அப்படியே. பாரசீகக் கஸலில் காதலன் ஏங்குகிறான். சிந்தியிலும் பஞ்சாபியிலும் ஏங்கும் உயிர் பெண்ணாகிவிடுகிறது. நாயகி பாவம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இஸ்லாமிய ஞான மரபுக்குள் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று எனக்குக் காட்டியவர் ஷிம்மல்.

இன்னொன்று. தக்காணத்தில், பிஜாப்பூர் வட்டாரத்தில், சூஃபிகள் பெண்களுக்காக எழுதிய பாட்டுகள் உண்டு. மாவரைக்கும்போது பாட 'சக்கி நாமா', நூல் நூற்கும்போது பாட 'சர்க்கா நாமா'. திரிகைக் கல் சுழலும் ஓசையோடு இறைநாமம் சேர்ந்து ஒலிக்கும். அரபு இலக்கணத்தில் ஊறிய ஒரு பேராசிரியர் இத்தகைய அடுப்படிப் பாட்டுகளை பெரும் சூஃபித் தத்துவ ஞானி இப்னு அரபியின் தத்துவத்துக்கு அருகில் உட்கார வைக்கிறார். என் கண்ணில் இதுதான் அவர் செய்த மிகப் பெரிய வேலை.

வடகரை:

மருதநிலா, மிக நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. சஸ்ஸூயியின் உறக்கத்தை நான் அப்படிப் படித்ததில்லை. ஆனாலும் என் கேள்வி மிச்சமிருக்கிறது. பீர்களின் சுரண்டல்?

ஏடுகாப்பான்:

முழுமையாக இல்லை, ஆனால் அறவே இல்லாமலும் இல்லை, ஐயா. தரீக்காக்களைப் பற்றிய அத்தியாயத்தில், கல்வியறிவில்லாத மக்கள்மேல் பீர்களுக்கு இருந்த ஆதிக்கத்தைச் சொல்கிறார். அதைக் கண்டால், துருக்கியில் 1925இல் மடங்கள் ஏன் மூடப்பட்டன என்பது புரியும் என்கிறார். பீர்களைக் கண்மூடிப் பின்பற்றும் 'பீரிசத்தை' இக்பால் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதும் அவர் எழுத்தில் வருகிறது. இக்பாலின் சமயச் சிந்தனையைப் பற்றி 1963இலேயே 'கேப்ரியல்ஸ் விங்' என்ற பெருநூல் எழுதியவருக்கு அது தெரியாமல் போகாது. ஒரு சமூகவியலாளர் கொடுத்திருக்கக்கூடிய பக்கங்களை இவர் கொடுக்கவில்லை என்பது உண்மை. அவர் எடுத்துக்கொண்ட வேலை கவிதை.

தறிநூல்:

வடகரை ஐயாவின் கேள்வியிலிருந்து என் தொடக்கக் கேள்விக்கு ஒரு வழி தெரிகிறது.

'ஷா ஜோ ரிசாலோ' முதன்முதலில் அச்சானது எங்கே தெரியுமா? 1866இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில். பதிப்பித்தவர் எர்ன்ஸ்ட் ட்ரம்ப். அவரும் ஜெர்மானியர், மிஷன் பணியில் சிந்துவுக்குப் போனவர். சிந்தி இலக்கணத்தில் அவர் செய்த வேலையை இன்றும் ஒதுக்க முடியாது. ஆனால் தான் பதிப்பித்தவற்றின் உள்ளடக்கத்தின்மேல் அவருக்கு மதிப்பு கிடையாது. பின்னாளில் சீக்கியர்களின் ஆதி கிரந்தத்தை மொழிபெயர்த்து 1877இல் வெளியிட்டபோது, அந்த வேதத்தையே இழிவாக எழுதி ஒரு சமூகத்தின் மனத்தைப் புண்படுத்தினார். வேர்ச்சொல் தெரிந்திருந்தது, வேற்றுமை உருபு தெரிந்திருந்தது, பாடியவர்கள் எதற்காகப் பாடினார்கள் என்பது தெரியவில்லை. நூறு ஆண்டு கழித்து அதே நாட்டிலிருந்து இன்னொருவர் வந்து, அதே மொழியை அதே அக்கறையோடு கற்று, சஸ்ஸூயியின் உறக்கத்தைப் படித்துக் காட்டுகிறார். இருவரில் யாருடைய ஆராய்ச்சி பிரதிக்கு நெருக்கமானது? ஷிம்மல் நேசித்ததால்தான் அந்தச் சொல் அவர் கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன். வெறுத்தவருக்கு அது வெறும் பெயர்ச்சொல்.

அவர் பேசும் பதிவுகளையும் பாருங்கள். கையில் காகிதம் கிடையாது. கண்ணை மூடிக்கொள்கிறார். கைப்பையின் பிடியை விரல்கள் பற்றியிருக்கின்றன. பாரசீக வரி வருகிறது, பெயர்ப்பு வருகிறது, அடுத்த கவிஞர், அடுத்த நூற்றாண்டு. எங்கும் தடுக்குவதில்லை. குறித்த நேரத்தில் பேச்சு முடிகிறது, கண் திறக்கிறது. அத்தனை மொழிகளிலும் அத்தனை வரிகள் மனப்பாடமாக இருக்க, எத்தனை ஆயிரம் மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்! நேசம் அவருக்கு உழைப்பைக் குறைக்கவில்லை.

ஹார்வர்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். சட்டென்று வேகும் 'மினிட் ரைஸ்' அரிசியைக் கண்டுபிடித்துப் பொருளீட்டிய ஓசாய் துர்ரானி என்பவர், உருதுக் கவிஞர்களான மீரும் காலிபும் ஆங்கிலத்துக்கு வரவேண்டும் என்று தன் சொத்தில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். அந்தப் பணத்தில்தான் அங்கே இந்திய முஸ்லிம் பண்பாட்டுக்கு ஒரு பணியிடம் உருவானது. 1967 முதல் 1992 வரை ஷிம்மல் அதில் இருந்தார். மீருக்கும் காலிபுக்கும் சோறு போட்ட அந்தப் பெரிய மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கடலோரத்தான்:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன். ஒரு மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும்.

ஷிம்மலின் வரைபடம் பெரியது. கோன்யா, ஷிராஸ், டெல்லி, தட்டா, முல்தான் எல்லாம் இருக்கின்றன. 1980இல் வந்த 'இஸ்லாம் இன் தி இந்தியன் சப்காண்டினென்ட்' நூலில் நம் தமிழ்க் கரைக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மருதநிலா சகோதரி சொன்ன எழுத்துக் குறியீட்டுப் பின்னிணைப்பையே எடுத்துக்கொள்வோம். அரபின் முதல் எழுத்து அலிஃப் ஒற்றைக் கோடு, எண் மதிப்பு ஒன்று, ஆகவே ஏக இறைவன். அஹ்மது என்ற பெயரில் 'மீம்' என்ற எழுத்தை நீக்கினால் அஹது, அதாவது ஒருவன். மீமின் மதிப்பு நாற்பது, படைப்புக்கும் படைத்தவனுக்கும் இடையிலான நாற்பது படிகள். இதைப் படிக்கும்போது எனக்கு ஊர்க்காரரைக் கண்டது போல இருந்தது. அலிபும் லாமும் மீமும் தமிழ் ஞானப் பாடல்களில் எத்தனை எத்தனை! குணங்குடியார் மனோன்மணியை அழைப்பதில் ஏங்குகிறவர் ஆண், ஏங்கப்படும் பரம்பொருள் பெண். சிந்திப் பாட்டுக்கு நேர்மாறு. பீர்முகம்மது அப்பாவின் 'ஞானரத்தினக் குறவஞ்சி'யில் சிங்கனும் சிங்கியும் கேள்வி பதிலாக மெய்ஞ்ஞானம் பேசுகிறார்கள். குறவஞ்சி என்ற தமிழ் வடிவத்துக்குள் தவ்ஹீது என்னும் ஏக இறைக் கொள்கை! சிந்தியைக் கற்றது போல அவர் தமிழையும் கற்றிருந்தால் அந்தப் பெண்மைப் பின்னிணைப்பு இரண்டு மடங்கு நீண்டிருக்கும்.

இது அவர்மேல் பழி இல்லை. ஒரு மனித ஆயுளில் அவர் கற்ற மொழிகளே மலைக்க வைக்கின்றன. நம் பாடல்களை நம்மவர்கள் அவர் கண்ணில் படும்படி எடுத்து வைத்தோமா என்பதுதான் என் ஆதங்கம்.

வடகரை:

கடலோரத்தான், அந்த ஆதங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் தலைமுறை தமிழ் படித்தவர்கள் குணங்குடியாரைத் தாயுமானவருக்கு அருகில் வைத்துப் பேசினோம். ரூமிக்கு அருகில் வைத்துப் பார்க்கவில்லை.

ஷிம்மல் 2003 ஜனவரி 26 அன்று பான் நகரில் காலமானார். தட்டாவுக்கு அருகில் உள்ள மக்லி மேட்டில், சிந்துவின் புலவர்களும் ஞானிகளும் அடங்கிய அந்த இடுகாட்டில் தன்னைப் புதைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. நடக்கவில்லை. பானில்தான் கல்லறை. கல்லில் அரபு எழுத்தில் பொறித்திருப்பது எது என்று தறிநூலுக்குத் தெரிந்திருக்கும். ஏழு வயதில் பத்மநாபர் கதையில் படித்த அதே வாசகம்.

இன்று மாலை அதை நம் குறளோடு வைத்துப் பார்த்தேன். சாவு உறங்குவது போல, பிறப்பு உறங்கி விழிப்பது போல என்று நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அங்கே சாவு உறக்கம், இங்கே சாவு விழிப்பு. வள்ளுவருக்கு மறுபடி பிறப்பு வருகிறது, அதனால் உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருகின்றன. சூஃபிக்கு ஒரே விழிப்பு. சஸ்ஸூயிக்கும் அதுதானே? என் பழைய குறைகளில் ஒன்றிரண்டை இன்னும் விடவில்லை. ஆனால் 'பக்தி' என்று உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றேனே, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், தறிநூல்.

புதுவாசகி:

நூலகத்தில் புத்தகம் கிடைத்துவிட்டது. மருதநிலா அக்கா சொன்னபடி கடைசியிலிருந்து தொடங்கினேன். பெண்மை பற்றிய பின்னிணைப்பை இரண்டு முறை படித்துவிட்டேன்.

சக்கி நாமாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எங்கள் உம்மம்மா நினைவுக்கு வந்துவிட்டார். ஆட்டுக்கல்லில் அரைக்கும்போது பாடுவார். கல் ஒரு சுற்று வரும், ஒரு வரி வரும். குழவி திரும்பும் இடத்தில் 'யா ரகுமானே' என்று இழுப்பார். மாவு வழிக்கும்போது மட்டும் பாட்டு நிற்கும். சின்ன வயதில் எனக்கு அது வேலை செய்யும் சத்தம், அவ்வளவுதான். அவர் மவுத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. யாரும் எழுதி வைக்கவில்லை.

நேற்று உம்மாவிடம் கேட்டேன். சமையலறையிலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். இதுவரை நான்கு பாட்டு, பதினேழு கண்ணி. மூன்றாவது பாட்டில் ஒரு வரி: 'உறங்காதே மகளே, ஒட்டகம் நடை கேட்குது' என்று உம்மாவுக்கு நினைவு. அடுத்த வரி வரவில்லை. எங்கள் ஊரில் ஒட்டகம் ஏது? உம்மம்மாவின் தங்கைக்கு வயது எண்பத்து நான்கு, அவருக்கு முழுப் பாட்டும் தெரியும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகிறோம். கேட்டு எழுதிக்கொண்டு வந்து இங்கேயே போடுகிறேன்.